கேட்காமல் விட்ட பெயர்

அக்கா,

ஆசுபத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். சேலையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் அங்கே வாட்டுத் தரை கழுவும் மருந்தின் வாசம் அறை முழுக்கப் பரவிவிட்டது. கால் வலிக்கிறது. நீங்கள் ஆண்டவரிடம் போய் எட்டு மாதமாகிறது. புதன்கிழமைகளில் தம்பிலுவிலில் இருந்து கல்முனைக்கு இப்போது தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன்.

நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கப் போவோமென்று நம் சபைப் பெண்கள் பேசியபோது பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது நாம் இருவர்தான். நான் ஓயாமல் கதைப்பேன். நீங்கள் கதைப்பதே அரிது. வாட்டுக்குள் போகுமுன் படிக்கட்டடியில் கண்ணை மூடி நிற்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"ஆண்டவரிட்ட இவ்வளவு நேரமா என்ன கேட்டீங்க?" என்றேன் ஒருநாள்.

"ஒண்டும் கேக்கல்ல. அவர் என்னவும் சொல்றாரா எண்டு நிண்டன்."

அன்றைக்குத்தான் அந்த நிந்தவூர்ப் பெண்ணைப் பார்த்தோம். முதல் பிள்ளை, வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. பக்கத்துக் கட்டில்களில் மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. நான் நேரே போய், "கவலப்படாதீங்க தங்கச்சி. வயசு கிடக்கு. ஆண்டவர் இன்னொரு பிள்ளையத் தருவார்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். நான் விடாமல் இன்னும் சொன்னேன்.

"நீங்க போங்க" என்றாள், திரும்பாமலே.

நான் வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் போகவில்லை. கால்மாட்டில் அரை மணி நேரம் சும்மா இருந்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்: "பிள்ளைக்கு என்ன பேர் வெக்க இருந்தீங்க?"

"ஹனா" என்றாள். "புள்ளைர வாப்பாதான் பேர் பாத்தாரு."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம். "நான் பிழையா என்ன சொன்னன்?" என்றேன்.

"பிழையில்ல. அவக்கு அது அந்த நேரம் தேவைப்படல்ல" என்றீர்கள். பஸ் நிந்தவூரைத் தாண்டியபோது, என்னைப் பாராமல் சொன்னீர்கள்: "எனக்கும் ஒண்டு அப்பிடிப் போனது. கலியாணம் முடிச்ச அடுத்த வருசம்."

உங்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்றுதான் ஊரே நினைத்திருந்தது. நான் ஒரு மூச்சு விடும் நேரம்கூடப் பொறுக்கவில்லை. "எல்லாம் ஆண்டவர்ர சித்தம் அக்கா" என்றேன்.

"ஓம்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதன் பிறகும் நான்கு வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். கேட்டிருக்கலாம். ஒவ்வொரு புதனும் கேட்க நினைத்து, மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டு வந்தேன்.

அடக்க ஆராதனையில் எனக்கு முன் பேசியவர், "பிள்ளையில்லாத இந்தத் தாய்" என்றார். அடுத்து நான் எழும்பினேன். அப்படியில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் ஊருக்குச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? "அக்கா என்னை நிறையப் பொறுத்துக்கொண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நானும் படிக்கட்டடியில் நிற்கிறேன். உங்களுக்கு வந்த அமைதி எனக்கு வருவதில்லை, அக்கா. முழங்கால், அடுத்த பஸ், இரவுச் சாப்பாடு என்று மனம் ஓடுகிறது. களைப்பில் வாய் மட்டும் அடங்கிவிடுகிறது. அதையாவது ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று உள்ளே போகிறேன்.

இன்று சவளக்கடையிலிருந்து வந்த ஒரு தாய், நினைவு தப்பிக் கண் திறக்காத மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் வார்த்தை எதையும் தேடவில்லை. பார்வை நேரம் முடிந்து எழும்பியபோது அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"நாளைக்கும் வருவீங்களா?"

நாளை வியாழன். நாம் வியாழனில் போனதே இல்லை.

"ஓம் அம்மா, வருவன்" என்றேன்.