கிளினிக் கொப்பியில் கோல்காப்பாளர்

ஆவணி 12, இரவு

நாளை மகளுக்குக் கிளினிக். இரண்டு மாதமாக எடை கூடவில்லை. மருத்துவமாது என்ன சொல்வாரோ. கிளினிக் கொப்பியைத் திறந்தால், எடை எழுதும் பக்கத்தில் இருபது உதைபந்து வீரர்களின் பெயர்கள்! என் கணவரும் கூட்டாளிகளும் போனில் விளையாடும் போட்டிக்கு நாளை யாருக்கு எந்த வீரர் என்று பிரிக்கிறார்களாம். அதற்குத் தரவரிசை.

“ஏன் கத்துறீர்? பென்சில்தானே, அழியும்” என்றார்.

“பிள்ளை போன மாதம் எத்தனை கிலோ? சொல்லுங்கோ பாப்பம்.”

அவருக்குப் பட்டியலின் முதல் ஆளான கோல்காப்பாளரின் முழங்கால் எப்போது சுகமாகும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

நானே இருந்து அழித்தேன். பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். முதலாவது ஆளைப் பேனையால் எழுதியிருக்கிறார். அவனுக்குப் பக்கத்தில்தான் நாளை பிள்ளையின் எடையை எழுதப்போகிறார்கள்.