யாரும் கேட்காத விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். டீச்சர் இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவார்.

இரண்டு கேப்சூல் விடுதிகளில் ஒவ்வோர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு, வினாடி வினா இறுதிச் சுற்று வரை எதில் தங்குவது என்று காலையில் நான்தான் டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

நேற்று மலிவு விடுதி. ஒருவர் மட்டும் படுக்கும் பெட்டிகள், கதவுக்குப் பதில் திரை, எல்லாருக்கும் ஒரே விளக்கு. மேல்பெட்டி நர்ஸ் அக்கா, "படிச்சிட்டியா பாப்பா? அணைக்கட்டுமா?" என்றார். அவர் குறட்டையிலும் தூங்கிவிட்டேன்.

இன்று சொகுசு விடுதி. பஞ்சு மெத்தை, ஏசி, சத்தமே இல்லை. தூக்கமும் இல்லை. எது நல்லதென்றே புரியவில்லை அம்மா.

நீ பாத்திரம் கழுவும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவாயா? சும்மாதான்.

வராந்தா வெளிச்சத்தில் இதை முடிக்கிறேன். யாரையும் கேட்காமலே இங்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் மகள்