எட்டு மணிக்கு வரச் சொன்னவளுக்கு

இன்று சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்தேன். வெயில் குடித்த சிமெண்டுத் தரையிலிருந்து எழும்பிய மணத்தோடு நீ வந்துவிட்டாய். பாளையங்கோட்டை அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் என் பக்கத்து நாற்காலிக்காரி. வைகாசி பிறந்தால் கோப்புகளுக்கு நடுவே வானத்தைப் பற்றியே பேசியவள்.

"எங்க ஊர்ப் பொம்பளையளுக்கு நட்சத்திரம் காட்டணும்ட்டி" என்று நாங்குநேரிப் பக்கத்து உன் ஊருக்கு என்னைக் கூட்டிப்போனாய். முதல் முறை தோற்றோம். ஆறரை மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். வயல்வேலைக் களைப்போடு குளத்தங்கரையில் வந்து உட்கார்ந்தார்கள். சூரியன் மறைந்தும் மேற்கே வெளிச்சம் போகவில்லை. கிழக்கே முழுநிலா வேறு எழும்பிவிட்டது. உலை வைக்க வேண்டுமென்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். "வெறும் ஆகாசத்தைக் காட்டவா கூப்பிட்டே?" என்றாள் உன் பெரியம்மா. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் உன் வீட்டு மாடியில் நின்றாய். சூரியன் மறைந்த நேரம், முதல் நட்சத்திரம் தெரிந்த நேரம், வசிஷ்டர் பக்கத்தில் அருந்ததி கண்ணுக்குப் பிடிபட்ட நேரம் எல்லாம் குறித்தாய்.

"நல்லா இருட்ட ஒண்ணேகால் மணி நேரம் ஆவுது. பௌர்ணமி கழிஞ்சு அஞ்சாறு நாள் போட்டும், நிலா பிந்தி வரும். எல்லாரும் சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு வரட்டும்."

வாசல் வாசலாகப் போய் மறுபடி அழைத்தாய். நானாக இருந்தால் அந்த ஊர்ப்பக்கமே போயிருக்கமாட்டேன். பஞ்சாயத்துக்காரரிடம் பேசிக் கரை விளக்குகளையும் அணைக்க வைத்தாய்.

வந்தார்கள், முன்னைவிடக் கூடுதலாகவே. வடக்கே சப்தரிஷி மண்டலம். தெற்கே பனைகளுக்கு மேல் சிலுவை போல நாலு நட்சத்திரமாகத் திரிசங்கு. இரண்டும் ஒரே நேரத்தில்.

"இம்புட்டு நாளும் இது இங்கனதான் இருந்துச்சா?" என்றாள் பெரியம்மா.

"இங்கனதான் இருந்துச்சு. நாமதான் அடுப்படியில இருந்தோம்" என்றாய்.

கரை முழுக்கச் சிரிப்பு.

காய்ச்சலில் படுத்த நீ எழும்பாமலே போய் மூன்று வைகாசி ஆயிற்று. போன வாரம் பெரியம்மா போன் பண்ணினாள். இந்த வருஷம் நட்சத்திரம் பார்க்க எந்த நாள் தோது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என நினைத்து, நிலா எழும் நேரத்தைச் சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் நாங்களே பாத்துட்டோம் ஏளா. வெள்ளிக்கிழமை. நீ வந்து சேரு" என்றாள்.

போகிறேன். அங்கே யாராவது புதியவர்கள் என்னை யாரென்று கேட்டால், உன் சேக்காளி என்று சொல்வேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி கிடைக்கவில்லை.