ஆறு மாசம் முடிஞ்சும் வரலைடி

என் அக்கா பெத்து நான் வளர்த்த மகளே, மாதா உன் கோவத்தைக் கொஞ்சம் தணிக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை போன்ல கத்தினியே, "விசிட்டரா போனவ ஆறு மாசத்துல மரியாதையா நம்ம செபுவுக்கு வந்து சேரு, சித்தி! ஊரே சிரிக்குது"ன்னு. வரலைடி. தேதி முடியறதுக்கு முன்னாடியே தங்கற காலத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டாச்சு. பதில் வர்ற வரைக்கும் நான் கனடாவுல, இந்த வின்னிபெக்ல இருக்கறது சட்டப்படி சரி. கிளம்பி பிலிப்பைன்ஸுக்கு வந்து, திரும்ப இங்க உள்ள விடலைன்னா, பொண்டாட்டி இங்கயே நிரந்தரமா இருக்கணும்னு அவரு போட்ட மனுவும் போச்சு.

எங்க கல்யாணம் நெசந்தானான்னு பாக்க விசா ஆபீஸ்ல போட்டோ கேட்டாங்க. நான் எல்லாத்துலயும் எங்க நடுவுல குழந்தை இயேசு சிலையைத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். மனு எழுதித் தர்ற மாரிசெல் சிரிச்சுட்டா. "ஆன்ட்டி, இது கல்யாணமா, தேர்ப்பவனியா? ஒட்டி நில்லுங்க!" அவரு என் தோள்ல கை போட்டாரு. ஐம்பத்திநாலு வயசுல, முதல் தடவையா. கையை எடுங்கன்னு நான் சொல்லலை.

"அந்தக் கிழவனுக்கு வேலைக்காரி வேணும்"னியே. நான் காலைப் பூசைக்குப் போறதுக்குள்ள என் பூட்ஸை ஹீட்டர் பக்கத்துல வெச்சு சூடு பண்ணித் தர்றது அந்தக் கிழவர்தான். உன் பிள்ளைங்களை இனிமே யாரு பாத்துக்குவாங்கன்னு நீ கேக்கலை. ஆனா எனக்குக் கேட்டுச்சு.

என்னைப் பாக்கணும்னா நீ வா. விசிட்டர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் இதோட வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டிருக்கறது அந்தக் கிழவர்தான்.

உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்ற,
உன் சித்தி