பெட்டி உசுரக் காட்டமாட்டேங்குது, ஓட்ஸோ

ஔலு
ஜூலை 15, 2004

டேய் ஓட்ஸோ,

சாப்பிட்டியா, கொசு கடிக்குதா, இதெல்லாம் அப்புறம். நம்ம கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போச்சு. முகாம்ல உனக்கு மின்னஞ்சல் கிடைக்காது, அதனாலதான் கையால எழுதறேன். உன் போன் எப்பவும் அணைஞ்சே கிடக்குது. ராணுவத்துல உனக்கு அது எதுக்கு, தலைக்கு வச்சுத் தூங்கவா?

பழைய மதர்போர்டு சூடாகுதுன்னு, அதைவிடச் சின்னதா ஒண்ணு வாங்கி நானே மாத்தினேன். இப்போ பட்டனை அழுத்தினா ஃபேன் ஒரு தடவை துடிக்குது, நின்னுடுது. நீ பொருத்தின பவர் சப்ளை மேலதான் எனக்குச் சந்தேகம்.

வர்ற சனிக்கிழமை இல்ல, அடுத்த சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி அரங்கத்துல நம்ம கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டி. நான் எழுதின புரோகிராம், நீ போட்ட இசை, நாலு நிமிஷம். படத்தக் கம்ப்யூட்டரே அங்க உட்கார்ந்து வரையணும். அம்மாவோட கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன், மூச்சு முட்டி நின்னுடுச்சு. அம்மா சொல்றாங்க, "படிப்பையும் விட்ட, இப்போ பெட்டியும் போச்சா, அடுத்தது என்ன?" படிப்ப விட்டவகிட்ட எடுத்துக் காட்டறதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்டா.

நீ இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. இல்ல, ஆகியிருக்கும். ரெண்டு பேரா சேர்ந்து திட்டியிருப்போம்.

ஸனெல்மா

~

கயானி
ஜூலை 18, 2004

அன்புள்ள ஸனெல்,

பவர் சப்ளை மேல நீ கை வச்சா கொலை விழும். அது பாவம், அதைத் திறக்காத.

முதல்ல பிளக்கப் பிடுங்கு. போர்டை மொத்தமா கேபினெட்டுக்கு வெளியில எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல வை. பிராசசர், அதோட ஃபேன், ஒரே ஒரு ராம், அவ்வளவு போதும். ஹார்டு டிஸ்க்கெல்லாம் ஓரமாத் தூங்கட்டும். பவர் சப்ளையிலேர்ந்து வர்ற பெரிய ஒயர், சின்ன ஒயர் ரெண்டையும் குத்து. சின்னத நீ மறந்திருப்ப, எனக்குத் தெரியும். திரும்பப் பிளக்கக் குத்திட்டு, பட்டன் ஒயர் போற ரெண்டு ஊசியையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு நொடி தொடு. ஃபேன் நிக்காமச் சுத்தினா போர்டு மேல தப்பில்ல, கேபினெட்டுக்குள்ளதான் எதுவோ இடிக்குது.

ரிப்பேர் தெரிஞ்ச நம்ம சிநேகிதன் பெக்காவ அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்னு நினைச்சேன். அனுப்பல. உன்னால முடியும்.

இன்னொண்ணு. தெற்கே எஸ்போவுல, நம்மள மாதிரியே போட்டிக்குப் புரோகிராம் பண்ற ஒரு பெரிய குழு என்னை இசை போடக் கூப்பிடுறாங்க. இங்க கட்டாய ராணுவ சேவை முடிஞ்சதும் படிக்கவும் அங்கதான் போறேன். நேர்ல சொல்லணும்னு இருந்தேன், லீவு கிடைக்கல.

ஓட்ஸோ

~

ஔலு
ஜூலை 25, 2004

டேய்,

உன் கடுதாசிய எடுத்ததும் கடைசிப் பத்திதான் கண்ணுல பட்டுச்சு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா, "யாரு செத்தா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் அதைத் தொடவே இல்ல. அப்புறம் மேல இருந்து படிச்சேன்.

சின்ன ஒயரெல்லாம் ஒழுங்காத்தான் குத்தியிருந்தேன், ரொம்ப ஆடாத. அட்டை மேல வச்சு ஊசியத் தொட்டேன். சுத்துச்சுடா! நிக்கவே இல்ல! காலி கேபினெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா, போர்டைத் தாங்குற பித்தளைக் கால் ஒண்ணு கூடுதலா நிக்குது. பழைய பெரிய போர்டுக்குப் போட்டது. சின்ன போர்டுல அந்த இடத்துல ஓட்டையே இல்ல. நேரா போர்டோட முதுகுல குத்தி ஷார்ட் ஆக்கியிருக்கு. மாத்தினது நான், கழட்ட மறந்தது நான். பவர் சப்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

நேத்து ஓடுச்சு. பதினொண்ணுல ஏழாவது இடம், போதும். படம் முடியறப்போ எல்லாரும் நன்றி சொல்ற இடத்துல ஊர்ல இருக்கிற குழு பேரெல்லாம் ஓடவிடுவாங்க இல்ல? நான் ஒரே பேருதான் போட்டேன், "ஓட்ஸோ"ன்னு. "யாருய்யா அது?"ன்னு ஒருத்தன் கத்தினான். "மொட்டை அடிச்சுக் காட்டுல குழி தோண்டிட்டிருக்கான்!"னு நான் கத்தினேன். அரங்கமே கை தட்டுச்சு. அங்க இருந்தவன்ல பாதிப் பேரு அந்தக் குழியத் தோண்டினவன்தானே. அம்மாவும் வந்திருந்தாங்க. கடைசி வரைக்கும் எழுந்து போகல.

பெக்காவ அனுப்பாததுக்கு நன்றிடா. அவன் வந்திருந்தா பெட்டி ஓடியிருக்கும். நான் இன்னும் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்திருப்பேன்.

எஸ்போவுக்குப் போ. நெசமாத்தான் சொல்றேன்.

ஸனெல்மா

~

கயானி
ஜூலை 29, 2004

அன்புள்ள ஸனெல்,

உன் கடுதாசிய முகாம்ல சத்தமாப் படிச்சேன். இந்தப் பயலுக விடல, அந்த நாலு நிமிஷத்தையும் வாயாலேயே பாடிக் காட்ட வச்சுட்டாங்க. டிரம்ஸுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

என் பேரை அவ்வளவு பெரிய எழுத்துல யாரும் போட்டதில்ல. நன்றி.

எஸ்போக்காரங்களுக்கு எழுதிட்டேன். படிக்க வரேன், பக்கத்துல இருந்தா காப்பி குடிக்கவும் வரேன், குழுவுல சேர மாட்டேன், எனக்குக் குழு இருக்குன்னு.

அடுத்த பாட்டு எவ்வளவு நீளம் வேணும்?

ஓட்ஸோ