மொட்டைப் பெட்டி சீசன்

மதினி, இன்று காலை அச்சகத்திலிருந்து புது லேபிளின் மாதிரித் தாள் வந்தது. வார்னிஷ் வாசம் போகவில்லை. மற்றவர்கள் நிறத்தைப் பார்க்கையில் நீங்கள் மட்டும் தாளை மூக்கருகே கொண்டுபோவீர்கள். காயாத லேபிளை ஒட்டினால் பெட்டிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் என்பீர்கள். என்னை அறியாமல் நானும் மோந்து பார்த்தேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

அண்ணன் இறந்த பிறகு பட்டாசுக் கம்பெனியை நீங்கள்தான் நடத்தினீர்கள். நான் கூட்டாளி என்று பெயர். கோபப்படுவது என் பொறுப்பு, முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு.

நம் பெட்டியின் மேல் நீலப் பாவாடை கட்டிய சிறுமி மத்தாப்புப் பிடித்துச் சிரிப்பாள். வெளியூர் வியாபாரிகளுக்குக் கம்பெனிப் பெயர் வாயில் நுழையாது. சிறுமிப் பெட்டி என்றுதான் ஆர்டர் சொல்வார்கள். ஒரு சீசனில் அதே சிறுமி, அதே சிரிப்பு, பாவாடை மட்டும் பச்சையாகி, வேறொரு கம்பெனிப் பெட்டியில் வந்து நின்றாள். நான் கொதித்துப்போய் உங்களை விருதுநகருக்கு, நம் வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

அவர் முதலில் கேட்டது இதுதான். படத்தை வரைந்தது யார்? பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் போர்டு எழுதும் ஓவியர், தன் மகளைப் பார்த்துத் தனக்காக வரைந்து கடையில் மாட்டியிருந்த படம் அது. அண்ணன் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டார், அவரும் தந்தார். எழுதி வாங்கவில்லை. நம் ஊரில் யார்தான் வாங்கினார்கள்? அப்படியென்றால் படம் சட்டப்படி இன்னும் அவருடையதுதான் என்றார் வக்கீல். அந்தப் படத்தோடு நாம் நெடுநாள் விற்றதைக் காட்டி வாதாடலாம், ஆனால் அது இழுக்கும். சீசனுக்குள் அந்தக் கம்பெனிக்குத் தடை வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பேரில் வரைந்தால் அது முதலாளிக்குச் சொந்தம். ஆகவே படம் வரைந்த வருடத்து வருகைப் பதிவேட்டில் ஓவியர் பெயரையும் சேர்த்துவிடுங்கள் என்றார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"படத்துக்கு மட்டும் அவரு நம்ம ஆளா, சார்? அவரு பிள்ளை காய்ச்சல்ல கெடந்தப்ப ஈ.எஸ்.ஐ. கார்டு குடுத்தோமா? பி.எஃப். கட்டினோமா? அப்பல்லாம் வெளியாளு."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"நாளைக்கு ஒரு ரூம் வெடிச்சா, உள்ள யாரு இருந்தாகன்னு அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தேடணும். அதுல ஒரு பொய்ப் பேரு ஏறுனா, நெசப் பேரு அம்புட்டும் பொய்யாப் போயிரும்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அதே பதிவேட்டை நானும் தினமும் புரட்டியவன்தான். அது எதற்காக இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்றே புதுப்பட்டிக்குப் போனோம். ஓவியரிடம் நீங்கள் எதையும் மறைக்கவில்லை.

"படம் ஒங்களுது. எழுதி வாங்காம போட்டது எங்க தப்பு. எங்களுக்குத் தந்தீகன்னா எங்களுக்கு நல்லது. அந்தக் கம்பெனிக்காரகளும் வருவாக. யாருக்குன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். எதிராளிக்கு நாமே வழி சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம் என்று வண்டியில் வழி நெடுகப் பொருமினேன். நீங்கள் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினீர்கள்.

ஓவியர் அந்தப் பச்சைப் பாவாடைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மகளின் கல்லூரிப் படிப்புக்கு அவர்கள் பொறுப்பேற்றார்களாம். இப்போதும் வழக்கு நடத்தலாம் என்றார் வக்கீல். தன் பொருளைத் தான் விற்றவரோடு எனக்கு என்ன வழக்கு என்று முடித்துவிட்டீர்கள்.

புதுப் படத்துக்கு நேரமில்லை. கம்பெனிப் பெயர் மட்டும் போட்டு வெறும் சிவப்புப் பெட்டியில் சரக்கை அனுப்பினோம். மொட்டைப் பெட்டி என்று கடைவீதியே கேலி செய்தது. வீட்டில் ஒரு பிள்ளை இல்லாத மாதிரி இருக்கிறது என்றார் பேக்கிங்கில் இருந்த ஓர் அம்மா. பாதிச் சரக்கு குடோனிலேயே கிடந்தது. ஆனாலும் ஆட்களை வேலைக்கு ஏற்றிவரும் வேன்களில் ஒன்றைக்கூட நீங்கள் நிறுத்தவில்லை. மறுவருடம் சில வியாபாரிகள் மொட்டைப் பெட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெயரையே முறையாகப் பதிந்துகொண்டு சிரித்தீர்கள். இவ்வளவு பெரிய மனுஷியோடா ஒரே வீட்டில் சோறு தின்கிறோம் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அந்த மலைப்பு இன்றும் இறங்கவில்லை.

இன்று வந்த லேபிளின் படத்தை, தன் வீட்டில் கம்ப்யூட்டரில் வரையும் ஒரு பெண் தானாகவே வரைந்து காட்டினாள். நம் கம்பெனி ஆள் இல்லை. இதைவிட அழகான படம் நம் பெட்டிக்கு வந்ததில்லை. நீங்கள் இல்லாமல் நான் நடத்தும் இந்த சீசனின் ஆர்டர் முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது. அவளுடைய எல்லாப் படங்களும் நமக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் ஒரு வரியைச் செருகியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, இந்தப் படம் உன்னுடையது, வேறு கம்பெனியும் கேட்கலாம், வீட்டில் கலந்து பேசிச் சொல்லம்மா என்றேன்.

இன்னும் பதில் இல்லை. போன் போட்டு லேசாக நெருக்கினால் சரி என்றுவிடுவாள். சின்னப் பெண். ஓவியர் கேட்ட அந்த ஒரு வாரமும் நீங்கள் புதுப்பட்டிப் பக்கம் ஆள்கூட அனுப்பவில்லை. வேளைக்குச் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், என்னையும் சாப்பிடச் சொன்னீர்கள். எப்படி முடிந்தது மதினி? எனக்குச் சோறு இறங்கவில்லை. போனை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.