வெள்ளைப் புள்ளி வைத்த போல்ட்டுகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுதப் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இருக்கிறோம்' என்றே எழுதுகிறேன். நீ சுரங்கத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் வந்தாலே ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்பா காதில் விழக்கூடாத விஷயம் இது. அதனால்தான் கடிதம்.

நம் பழைய காரில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலை அப்பா ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறார். டர்போ, பெரிய இன்ஜெக்டர், புது கிளட்ச், இருநூற்றைம்பது குதிரைசக்தி. கீழே, 'ரேஸுக்கு இல்லை, தெருவில் ஓட்டத்தான்' என்று நீ எழுதியிருந்ததை அம்மா படித்தாள். "நம்ம தெருவுல ரெண்டு ஆடு எதிரெதிரா வந்தாலே ஒண்ணு பின்னாடி போகணும், இவனுக்கு இருநூத்தம்பது குதிரையாம்" என்றாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்து நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நூலகத்திலிருந்து எஞ்சின் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து மூன்றாம் முறையாகப் புதுப்பித்திருக்கிறேன். தேர்வுக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை; நீ 'வாத்தியாரம்மா' என்று கேலி செய்வது இப்போதுதான் பொருந்துகிறது. சக்தியைக் கூட்டும் முன் எஞ்சினின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. அப்பாவும் நானும் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். மூன்றாவது மட்டும் மிகவும் குறைவு. இந்த நிலையில் டர்போ மாட்டினால் பிஸ்டன் உடைந்துபோகலாம் என்று நான் சொன்னேன். அப்பா ஒரு பெருமூச்சுகூட விடாமல், "எஞ்சினை இறக்கி ரிங் மாத்திடலாம், அதுக்கென்ன" என்றார். அதாவது, நீ கேட்ட வேலை இப்போது இரண்டு மடங்கு.

அப்பா வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் ஆள் குறைத்துவிட்டார்கள், உனக்குத் தெரியுமா? காலை ஐந்தரைக்குப் போய், நாள் முழுக்கப் பேருந்துகளுக்கு அடியில் படுத்திருந்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறார். ஒரு கால் பூட்ஸைக் கழற்றிவிட்டு, இன்னொன்றோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். டிப்போவில் எல்லாவற்றையும் இருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஷெட்டில் அவர் ஒருவர்தான்.

முதலில் பிரேக்கை மாற்றலாம் என்று ஆரம்பித்தார். ஷெட் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி. புள்ளி வைத்ததை யாரும் மறுபடி தொடக் கூடாது. தொட்டால், முடுக்கியவரை நம்பவில்லை என்று அர்த்தம். சின்ன வயதில் ஒருமுறை நீ தொட்டுவிட்டாய் என்று இரண்டு நாள் உன்னோடு அவர் பேசவில்லையாமே, அம்மா சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான்கு சக்கரமும் கழற்றி வண்டி மரக்கட்டைமேல் நின்றது. அப்பா முன்பெல்லாம் ஒவ்வொன்றாக முடுக்கி, ஒவ்வொன்றாகப் புள்ளி வைப்பார். இப்போது பெயின்ட் டப்பாவைத் திறந்த சூட்டோடு எல்லாவற்றுக்கும் வரிசையாக வைத்துவிட்டு, பிறகு முடுக்குகிறார். ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர அலுப்பாக இருக்கிறதாம். அன்று பாதியில் டிப்போவிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்தார், வெள்ளையைப் பார்த்தார், சக்கரத்தை எடுத்துவரச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் என் நோட்டில் பிரேக்கைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இடது முன்பக்கம், கீழ் போல்ட்டில் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டேன். போல்ட் திரும்பியது. ஸ்பேனர் இல்லை அண்ணா, என் விரலுக்கே திரும்பியது.

அப்பா வந்ததும், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "வெள்ளை இருக்குல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, "அண்ணன் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று என்னையே கேட்டார். பதில் சொல்வதற்குள் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

அவர் தூங்கிய அரை மணி நேரத்தில் சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பிரேக் போல்ட்டையும் சோதித்தேன். மூன்று தளர்வாக இருந்தன. இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனரைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைத்து, அது 'டிக்' என்று சொல்லும்வரை முடுக்கினேன். கலைந்த புள்ளிகளின்மேல் மறுபடி பெயின்ட் வைத்தேன். அவர் எழுந்து சக்கரத்தை மாட்டினார், வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து, "பிரேக் சும்மா கும்முனு பிடிக்குது" என்றார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள், "அப்பனும் மகனும் பேசிக்கிறதே அந்தத் தகரத்தைப் பத்தித்தான். அதையும் நிறுத்திட்டா ரெண்டு பேரும் என்னத்தப் பேசுவாங்க?" என்றாள். அதனால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். அப்பாவோ, நீ கேட்டதை முடியாது என்று சொல்லவேமாட்டார். அடுத்த வாரம் எஞ்சினை இறக்கப் போகிறார். எஞ்சினுக்குள் இருக்கும் போல்ட்டுகளை நான் எப்படி ஒளிந்து ஒளிந்து சோதிப்பேன்?

அண்ணா, வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே. தன்னால் முடியாது என்று நீ நினைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். 'எஞ்சினை என் கையால் இறக்க ஆசை, நான் வரும்வரை தொடாதீங்க அப்பா' என்று எழுது. டர்போ அப்புறம் என்று எழுது. இப்போதைக்கு ரேடியேட்டர் குழாய் மாற்றி, எண்ணெய் மாற்றினால் போதும் என்று எழுது. இருக்கிற குதிரைகளே ஓடட்டும். உனக்கே தோன்றியதுபோல் எழுது. என் பேரை எங்கேயும் கொண்டுவராதே. லீவு இரண்டு வாரம்தான் என்றாய். அதைக் கொஞ்சம் நீட்டிக் கேட்க முடியுமா? நீ முடுக்கு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். உட்காரட்டும், அதுவே போதும்.

நீ தினமும் இறங்குகிற அந்த லிஃப்டை நினைத்துக்கொள்கிறேன். அதன் ஒவ்வொரு போல்ட்டையும், நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவர் முடுக்கியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சீக்கிரம் எழுது, அண்ணா. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரும்படி எழுது.

உன் அன்புத் தங்கை,
வாத்தியாரம்மா